பவித்ராவிடம் நான் ஏன் சொன்னேன்

தம்பி,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்து இதைப் பிரித்திருந்தால் இப்போதே மடித்து வைத்துவிடு. நான் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. நாளைக்கே அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். மூன்று நாள் தள்ளிப்போடாமல் அன்றைக்கே செய்வேன், அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை நீ பவித்ராவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குக் குடிபோகிறாய். மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ஒரு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். சோறு போடு, தண்ணீர் கொடு என்பதற்கு மேல் நீ என்னிடம் பேசியது ரொம்பக் குறைவு. போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கேள்வி கேட்டாய். "நான் சொல்லாதன்னு சொல்லியும் நீ ஏம்மா அவகிட்ட சொன்ன?" என்றாய். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ வந்தார்கள், நீயும் எழுந்து போய்விட்டாய். வாயால் பதில் சொல்ல வந்தால் பாதியில் எனக்கு அழுகை வரும். அழுகையைப் பார்த்தால் நீ அம்மாவைச் சமாதானப்படுத்த வந்துவிடுவாய், பேச்சு அங்கேயே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று நடந்ததில் நீ போனில் கேட்டது கொஞ்சம்தான். முழுவதையும் சொல்கிறேன். பவித்ராவுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். நான் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிற அதே ஸ்கேன் சென்டருக்குத்தான் அவளைக் கூட்டிப்போனேன். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது, கட்டில் விரிப்பை மாற்றுவது, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுப்பது, இதுதான் எனக்கு அங்கே வேலை. அன்று மட்டும் லீவு சொல்லிவிட்டு, மற்ற மாமியார்களைப் போல நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் பவித்ரா சிரித்துக்கொண்டேதான் படுத்தாள். டாக்டரம்மா எப்போதும் திரையைக் காட்டி, இது தலை, இது இதயம், இது முதுகெலும்பு என்று சொல்லிக்கொண்டே போவார். அன்று பாதியில் பேச்சு நின்றது. அந்த அறையில் பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பெண்களின் தலைமாட்டில் நின்று அந்த அமைதியைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைக்காக அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

பவித்ரா பாத்ரூம் போனாள். டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குழந்தையின் இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்ச தூரத்தோடு நின்றுவிட்டது, உள்ளங்கையும் விரல்களும் உருவாகவில்லை, மற்றதெல்லாம் பார்த்தவரை நன்றாக இருக்கிறது, தஞ்சாவூரில் இன்னொரு பெரிய ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்றார். "நான் அவகிட்ட சொல்லட்டுமா, நீங்க பக்குவமா சொல்லிக்கிறீங்களா?" என்று கேட்டார். நானே சொல்லிக்கிறேன் என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அவரையே சொல்ல விட்டிருக்க வேண்டும். வெளியே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்று உனக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு நீ சொன்னாய்: "அவகிட்ட எதுவும் சொல்லாதம்மா. அவ தாங்க மாட்டா. என்ன பண்றதுன்னு நான் பாத்துக்குறேன்."

நான் சரி என்றேன். கோவில்பத்து வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது அவள் கேட்டாள், "டாக்டர் என்ன அத்தை சொன்னாங்க?" என்று. எல்லாம் நல்லாருக்கு என்று சொன்னேன். அவள் உடனே கிளிஞ்சல்மேட்டில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, "அத்தை கேட்டுட்டாங்கம்மா, எல்லாம் நல்லாருக்காம்" என்று நான் சொன்ன பொய்யை அப்படியே சொன்னாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளில் என்னென்ன நடந்தது என்பது உனக்கே தெரியும், பாதிக்கு மேல் நீ ஏற்பாடு செய்ததுதான். பட்டினத்து அத்தையிடம் பேசினாய். உன் அப்பாவுக்கு அக்கா, அவர் சொல்லுக்கு நம் வீட்டில் யாரும் மறுப்புச் சொன்னதில்லை, உன் அப்பாவும்தான். அவர் திருமலைராயன்பட்டினத்திலிருந்து அன்றைக்கே வந்து, பவித்ரா குளிக்கப் போன நேரத்தில் என்னை அடுப்பங்கரைக்குள் இழுத்து வைத்துத் திட்டத்தைச் சொன்னார். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது, தஞ்சாவூரில் இரண்டு நாள் தங்கி ஏற்ற வேண்டும் என்று பவித்ராவிடம் சொல்லிக் கூட்டிப்போவது. அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு இடத்தில் பேசியாகிவிட்டது. கேட்கிற இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள், படிக்கவா போகிறாள். முடிந்த பிறகு, குழந்தைக்குத் துடிப்பு நின்றுவிட்டது என்று சொன்னால் போதும். "ஊருக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சிடணும். அவளுக்கும் அதான் நல்லது. பின்னாடி நமக்குத்தான் நன்றி சொல்லுவா" என்றார். நான் அண்ணி, அண்ணி என்று இரண்டு தடவை வாயெடுத்தேன்.

என்னைக் கோழை என்று நினைக்காதே. அன்று எனக்கு வாய் அடைத்துப்போனது உன் அத்தைக்குப் பயந்து இல்லை. அதே வார்த்தைகளை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். திருநள்ளாறு பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் ஸ்கேனுக்கு வந்தாள். இருபது, இருபத்தோரு வயதுதான் இருக்கும், கூட அவள் புருஷனும் மாமியாரும். குழந்தையின் இரண்டு பாதமும் உட்பக்கமாக வளைந்திருந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார், விவரமாகப் பேசலாம் என்றார். வெளியே வந்ததும் அந்த மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நின்னீங்களே, என்னன்னு சொல்லுங்க என்று கேட்டார். சில வருஷம் திரையைப் பார்த்துப் பழகிய திமிர் எனக்கு. எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டும். "காலு ரெண்டும் சரியில்லம்மா. நடக்காது" என்றேன். இரண்டு நொடியில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டேன். அவர்கள் அடுத்த வாரம் வரவில்லை. வராத பேர் எத்தனையோ, நானும் மறந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். வயிறு இல்லை, கையிலும் குழந்தை இல்லை. நேராக என்னிடம் வந்து, "அக்கா, என் குழந்தைக்கு என்னதான் இருந்துச்சு? யாருமே எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாள். எங்கேயோ கூட்டிப்போயிருக்கிறார்கள். கையெழுத்துக் கேட்டார்களாம், போட்டாளாம். துடிப்பு நின்றுவிட்டது என்றார்களாம். பிறகு வீட்டில் ஏதோ சண்டையில் அவள் நாத்தனார் வாயிலிருந்து உண்மை விழுந்திருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்த்து, எனக்கு எதுவும் தெரியாதும்மா, டாக்டரைக் கேளு என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தேன். எல்லா டோக்கனும் முடிந்த பிறகு டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டுப் பழைய ரிப்போர்ட்டை எடுத்து விளக்கினார். நான் மூலையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிப் பாதத்தைப் பிறந்ததும் மாவுக்கட்டுப் போட்டுப் போட்டே நேராக்கலாம், பெரும்பாலும் நன்றாக நடந்துவிடுவார்கள், அதைச் சொல்லத்தான் அடுத்த வாரம் வரச் சொன்னேன் என்றார். அந்தப் பெண் அழவில்லை. எழுந்து வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று சொன்னாள்: "நடக்காதுன்னு யாரு சொன்னதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும் அக்கா." நான் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தேன்.

அவள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். ஒருவேளை எல்லாம் தெரிந்திருந்தும் அவள் வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கலாம். செய்திருந்தால் அது அவள் உரிமை, அவளை ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஆனால் அவளுக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. அவள் வயிற்றில் நடந்த ஒன்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவள் மாமியாருக்குத் தெரிந்தது, புருஷனுக்குத் தெரிந்தது, நாத்தனாருக்குக்கூடத் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பாவத்தில் முதல் கல்லை எடுத்து வைத்தவள் உன் அம்மா. இப்போது யோசித்துப் பார். உன் அத்தை அடுப்பங்கரையில் நின்று கையெழுத்து, துடிப்பு என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அத்தை கார் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. பவித்ரா எட்டரைக்கே பையில் துணி அடுக்கிவிட்டு, இரண்டு நாள்தானே, நைட்டி மூன்று போதுமா அத்தை என்று என்னிடம் கேட்டாள். நான் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தஞ்சாவூருக்கு எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதையும் சொன்னேன். நீ சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். அவள் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் அவள் கேட்டது இதுதான்.

"எந்தக் கை அத்தை?"

இடது என்றேன். அவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நீ சொன்னாயே, அவள் தாங்க மாட்டாள் என்று. அவள் அழுதது அரை மணி நேரம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே நின்று, "மூணு நாளா என் மூஞ்சியப் பாத்து எப்படி உங்களால பொய் சொல்ல முடிஞ்சிச்சு?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. கார் வந்தது. அத்தை உள்ளே வந்தார். பவித்ரா அவரிடம், "எனக்கு ரத்தமெல்லாம் இருக்குங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அத்தை என்னைப் பார்த்த பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அன்று சாயங்காலம் நீ போன் போட்டு, உனக்கு அம்மா என்று ஒருத்தி இல்லை என்று சொன்னதையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நீ என்னோடு பேசவே இல்லை. பரவாயில்லை. அவளுக்குத் தெரியாமல் அது நடந்திருந்தால் நீ என்னோடு தினம் பேசியிருப்பாய், நான் உன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

மறுநாள் அவளே சென்டருக்குப் போக வேண்டும் என்றாள். நோட்டுத்தாளில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். அதற்கு வலிக்குமா, நடக்குமா, பேசுமா, நான் ஏதாவது செய்ததால் வந்ததா, அடுத்த குழந்தைக்கும் வருமா. டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பி நிறுத்தினார். வலது கை விரல்களை விரித்து மூடியது, நானே பார்த்தேன். இடது கை கொஞ்ச தூரம் வந்து குட்டையாக முடிந்திருந்தது. அது சும்மா இல்லை, அதுவும் அசைந்துகொண்டிருந்தது. பவித்ரா செய்ததாலோ செய்யாததாலோ வந்தது இல்லை என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, பார்த்தவரை வேறு குறை தெரியவில்லை என்றார். வேண்டாம் என்று நினைத்தாலும் சட்டத்தில் இடம் இருக்கிறது, இன்னும் நாள் இருக்கிறது, இரண்டில் எது அவள் முடிவோ அதற்கு உதவி செய்வதாகவும் சொன்னார். பிறகு நாங்களே தஞ்சாவூர் போனோம், உன் அத்தை சொன்ன இடத்துக்கு இல்லை, பெரிய ஸ்கேனுக்கு. அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். திரும்பி வந்து, நாலு நாள் என் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளிஞ்சல்மேட்டுக்குப் போனாள். அந்த நாலு நாளும் நான் ஒரு போன்கூடப் போடவில்லை. ஐந்தாம் நாள் வந்து, பெற்றுக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நானே அவளோடு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

அன்று அவள் உன்னோடு போனில் பேசினாள். நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை, அவள் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "உங்களுக்கு வேணாம்னா அத எங்கிட்ட சொல்லுங்க, சண்டை போடலாம். எனக்குத் தெரியாம எனக்குப் பண்ணாதீங்க." அதைக் கேட்டபோது, அந்தத் திருநள்ளாறு பக்கத்துப் பெண்ணுக்கு இப்படிச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தேன்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் மட்டும் யோக்கியம் போல ஆகிவிடும். அவர் படகு எஞ்சின் பழுது பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர். அவருக்கு மனிதன் என்றால் கைதான். விஷயம் தெரிந்ததும், "கை இல்லாத புள்ளைய வச்சிக்கிட்டு என்னடி பண்றது" என்று பவித்ராவுக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டார். இன்னும் பிறக்கவே இல்லாத குழந்தையை அதற்குள் எந்த வேலைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் எழுந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், கொல்லைப்பக்கம் அவர் இடது கையை லுங்கிக்குள் செருகிக்கொண்டு வலது கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முதல் பொத்தானுக்கு வெகுநேரம் ஆனது, கடைசிப் பொத்தான் சீக்கிரம் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு எஞ்சின் சாமானில் நட்டைக் கழற்றப் பார்த்தார். சாமான் நழுவி நழுவி ஓடியது. காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கழற்றிவிட்டார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, "சில வேலை முடியுது, சில வேலை முடியல" என்றார். உங்களுக்கு இரண்டு கையும் இருந்தே அப்படித்தானே இருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் பவித்ராவுக்குத் தினமும் ஏதாவது பழம் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. இந்தத் தடவை வேண்டாம், சத்தமில்லாமல் இருந்துவிடுவோம் என்று பட்டினத்து அத்தை ஆளிடம் சொல்லி அனுப்பினார். பவித்ராதான் தனக்கு வளையல் போட்டே ஆக வேண்டும் என்றாள். தெருவே வந்தது, கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் வேன் நிறைய வந்தார்கள். அத்தையும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாதி வளையல் ஏறியிருந்தபோது ஒரு அம்மாள், கிரகணத்து அன்றைக்கு வெளியே வந்தாளா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். விஷயம் எப்படியோ கசிந்திருக்கிறது என்று புரிந்தது. நான் வாயைத் திறக்கும் முன் பவித்ரா திரும்பினாள். "என்னைக் கேளுங்க பெரியம்மா. நான் வெளிய வரல, வந்திருந்தாலும் ஒண்ணுமில்ல. என் புள்ளைக்கு இடது கை பாதிதான் இருக்கு. ஸ்கேன்ல பாத்தாச்சு. எல்லாரும் இப்பவே தெரிஞ்சிக்குங்க, பொறந்ததும் வந்து உச்சுக் கொட்டாதீங்க." யாரோ ஒரு குழந்தைதான் சோறு கேட்டது. பிறகு அவள் அம்மா எழுந்து வந்து மிச்ச வளையலைப் போட்டார். ஒன்று மிச்சமில்லாமல் போட்டு முடித்தார். அன்று பாதிப் பேர் சாப்பிடாமல் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் போகவில்லை.

ஆதிரை பிறந்தபோது நீ இல்லை. அது உன் குற்றம் இல்லை, லீவு கிடைக்கவில்லை. நர்சு அவளைக் கழுத்துவரை துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பவித்ரா துணியைப் பிரித்து அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தாள். முனையில் சின்னச் சின்னப் புள்ளியாகச் சதை முளைத்திருந்தது, விரல் வர நினைத்து நின்றுபோனது போல. அதில் முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் கொடுத்தேன். எனக்குத் துக்கம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று ஆஸ்பத்திரி மாடியில் போய் நின்று நன்றாக அழுதேன். ஆசையாய்க் காத்திருந்ததில் ஒன்று குறைந்தால் அழுகை வரத்தான் செய்யும், அதற்காகக் குழந்தை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நீயும் எங்கேயாவது போய் அழுதிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அழாமல் இருந்தால் இனிமேலாவது அழுதுவிடு.

உன்னைக் கெட்டவன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நீ பயந்துவிட்டாய். கடலுக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு பேர் படுத்திருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறாய், தோள் கொடுக்க ஓர் ஆள் இல்லை. பயந்தவன் சீக்கிரம் முடித்துவிடத்தான் பார்ப்பான். ஆனால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நீ காப்பாற்றப் பார்த்தது உன்னைத்தான். இப்போதும் அதைத்தான் செய்கிறாய். நீ வந்த மறுநாள் உன் பழைய சிநேகிதர்கள் பார்க்க வந்தார்கள். நீ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக ஒரு துண்டை எடுத்து அவள் இடது பக்கம் போட்டாய். காற்று அடிக்கிறது என்றாய். மே மாசத்தில் காரைக்காலில் என்ன காற்று? பவித்ரா வாசற்படியில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை என்பதற்காக அவள் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

ஓசூரில் உங்களை யாருக்கும் தெரியாது. கேள்வி அங்கேயும் வரும். பஸ்ஸில் கேட்பார்கள், ஊசி போடப் போகும் இடத்தில் கேட்பார்கள், வீட்டுக்காரர் பெண்டாட்டி கேட்பார். பிறக்கும்போதே இப்படித்தான் என்று நேராகச் சொல்லு, அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தெய்வக் குழந்தை என்றும் யாரிடமும் சொல்லாதே. அது ஐயோ பாவம் என்பதன் இன்னொரு பெயர்தான். அவள் உன் மகள், அவ்வளவு போதும். அவள் தவழும்போது ஒரு பக்கமாகச் சாய்வாள், ஓடிப்போய்த் தூக்காதே. செயற்கைக் கை வைக்கலாமா என்று ஆள் ஆளுக்கு யோசனை சொல்வார்கள். டாக்டரைக் கேள், வளர்ந்த பிறகு அவளையும் கேள். உனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் அவள் மேல் மாட்டிவிடாதே. என் கை எங்கேப்பா என்று ஒருநாள் அவளே கேட்பாள். அப்போது பவித்ராவைக் கூப்பிடாமல், எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீயே பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. பொய் மட்டும் சொல்லாதே. இந்த வீட்டில் ஏற்கெனவே நான் நிறையச் சொல்லிவிட்டேன்.

என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். நான் கெஞ்ச மாட்டேன். பவித்ரா என்னோடு பேசுகிறாள். பேத்தி என்னைப் பார்த்தால் கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அது போதும் என்று சொன்னால் அதுவும் பொய்தான். நீயும் வேண்டும்.

நேற்றுப் பட்டினத்து அத்தை வந்து, குழந்தைக்கு என்று மூன்று கவுன் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல துணி, நல்ல தையல், இந்த வெயிலுக்கு மூன்றும் முழுக்கை, அதுவும் விரல் நுனிவரை இழுத்து மூடுகிற மாதிரி. ஆசையாகத்தான் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போன பிறகு கத்தரிக்கோலை எடுத்து, மூன்றிலும் இரண்டு பக்கக் கையையும் தோளோடு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து உன் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு மஞ்சள் கவுனைப் போட்டு, நீயே தூக்கிக்கொண்டு ஏறு. அத்தை கேட்டால் அம்மாதான் வெட்டினாள் என்று சொல்லு.

அம்மா